திடல் ஓரத்து உடற்பயிற்சிக் கருவிகள்: அறுபதைத் தாண்டியவர்களுக்கு எது உதவும், எது உதவாது

மலேசியாவின் பேரா மாநிலத் தென்பகுதியில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எஸ்டேட் டவுன் இது. டவுன் நடுவே உள்ள திடலைச் சுற்றி 400 மீட்டர் நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதன் ஒரு மூலையில் வெளிப்புற ஜிம், பக்கத்தில் கூழாங்கல் பதித்த பாதை, இரண்டு பொண்டோக் (சுவர் இல்லாத கூரைக் கொட்டகை), ஆறு பெஞ்சுகள். கட்டணம் இல்லை, கதவும் இல்லை. தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறி, சுற்றியுள்ள தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) குடியேறிய பெரியவர்கள் மோட்டார் சைக்கிள் உதவி இல்லாமல் போய்வரக்கூடிய இடம் இது ஒன்றுதான். அதனால் இளைஞர்களின் கண்ணோட்டத்தை விட்டுவிட்டு, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது எப்படி என்று மட்டும் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். லெக் பிரஸும் தோள் சக்கரமும் நல்ல கருவிகள். ஏர் வாக்கரைக் கவனத்தோடு பயன்படுத்தலாம். இடுப்பு சுழற்றும் தட்டை முதுகுவலி உள்ளவர்கள் தொடவே வேண்டாம். கீழே விழாமல் இருப்பதற்கான பயிற்சிக்கு இங்கே கருவி எதுவுமே இல்லை. அதற்கு உதவுவது கூழாங்கல் பாதையின் கைப்பிடிக் கம்பியும், கைப்பிடி வைத்த பெஞ்சும்தான். பெரியவர்கள் வராமல் போவதற்குக் காரணம் கருவிகளின் தரம் என்று நாங்கள் நினைக்கவில்லை. நிழல், கழிப்பறை, மாத்திரை நேரம், கூட வர ஓர் ஆள் ஆகியவைதான் காரணம். இவற்றைச் சரிசெய்யாமல் இன்னும் நான்கு கருவியைக் கொண்டுவந்து நட்டாலும் கூட்டம் கூடாது.

லெக் பிரஸ்

நடுத்தூணின் இரு பக்கமும் இரண்டு இருக்கைகள் தொங்குகின்றன. உட்கார்ந்து, எதிரே உள்ள மிதியில் பாதங்களை வைத்துத் தள்ளினால் மிதி அசையாது. இருக்கைதான் பின்னால் நகர்ந்துகொண்டே மேலே எழும். நாம் தூக்குவது நம் சொந்த எடையில் ஒரு பங்கை. அதனால் 48 கிலோ பாட்டிக்கும் 85 கிலோ தாத்தாவுக்கும் அவரவர் உடம்புக்குத் தக்க பாரம் தானாகவே அமைந்துவிடுகிறது. நாற்காலியிலிருந்து எழுவது, பஸ் படி ஏறுவது, தடுமாறும்போது சட்டென்று காலை ஊன்றிக்கொள்வது எல்லாவற்றுக்கும் வேண்டிய தொடைத் தசை இதில் நன்றாக வேலை செய்கிறது. வயதாக ஆக மற்றத் தசைகளைவிட வேகமாகக் கரைவதும் இந்தத் தசைதான்.

குறை, இருக்கைக்கும் மிதிக்கும் உள்ள தூரத்தை மாற்ற முடியாது என்பது. குட்டையானவர்களுக்கு அளவு சரியாக இருக்கும். உயரமானவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுப் பக்கம் மடங்கிப் போகும். அந்த நிலையிலிருந்து தள்ளும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலிக்கும். அப்படிப்பட்டவர்கள் இருக்கையின் பின்விளிம்பு வரை ஒட்டி உட்கார்ந்து, பாதங்களை மிதியின் மேல்பகுதியில் வைத்தால் மடிப்பு குறையும். அப்படியும் வலித்தால், இருக்கை முழுவதும் திரும்பி வருவதற்கு முன்பே அடுத்த தடவை தள்ளலாம். பாதித் தூரம் தள்ளினாலும் பலன் உண்டு.

மூன்று எண்ணும்வரை தள்ளுங்கள், மூன்று எண்ணும்வரை திரும்புங்கள். 8 முதல் 12 தடவை செய்துவிட்டு இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடியும் ஒரு சுற்று. முழங்காலைக் கடைசிவரை நீட்டிப் பூட்டக் கூடாது. எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டே இருப்பவரால் மூச்சைப் பிடிக்க முடியாது. மூச்சை அடக்கித் தள்ளும்போதுதான் இரத்த அழுத்தம் கிடுகிடுவென ஏறுகிறது. பன்னிரண்டும் சுலபமாகிவிட்டால் பாரத்தைக் கூட்டக் கருவியில் வழி இல்லை. முட்டிவலி இல்லாதவர்கள் இரண்டு காலால் தள்ளி, திரும்பி வரும்போது பாரத்தை ஒரு காலில் கூடுதலாகத் தாங்கலாம்.

இங்கே இடப்பக்க இருக்கையின் ரப்பர் முட்டு கழன்றுபோய்விட்டது. இருக்கையைச் சட்டென்று விட்டால் இரும்பும் இரும்பும் மோதும். அந்த அதிர்ச்சி நேராக முதுகெலும்பில் ஏறும். எலும்பு தேய்ந்த அம்மாமார்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. வலப்பக்க இருக்கையை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஏர் வாக்கரும் மற்றவையும்

எல்லாரும் முதலில் ஏறுவது ஏர் வாக்கரில். இரண்டு மிதிகள் மேலே உள்ள பேரிங்கிலிருந்து தொங்கும்; ஏறி நின்று காலை முன்னும் பின்னும் வீசினால் நடப்பதுபோலவே இருக்கும். ஆனால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுகிறது. இதில் அது நடப்பதில்லை. ஊசல் வேகம் காலை இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். இடுப்பு மூட்டின் இறுக்கம் தளரும். தசை வளராது, எலும்புக்கும் பெரிய பலன் இல்லை. பத்து நிமிடம் ஏர் வாக்கரில் ஆடியதை நடையாகக் கணக்கு வைக்காதீர்கள்.

ஆபத்து ஏறும்போதும் இறங்கும்போதும்தான். மிதி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்குகிறது. ஒரு காலைக் கீழே வைத்த நொடியில் இன்னொரு மிதி ஆடிவந்து கெண்டைக்காலில் மோதும். இந்தக் கருவியில் ஏற்படும் அடிகள் பெரும்பாலும் இப்படித்தான். கூட இருப்பவர் சொல்லிக்கொடுக்க வேண்டிய முறை இது: “பெரியம்மா, ரெண்டு கையாலயும் கம்பிய புடிங்க. மொதல்ல ஒரு கால வைங்க. மிதி ஆட்டம் நின்னப்புறம் அடுத்த கால்.” இறங்கும்போது இரண்டு மிதியும் ஒரே நேராக வந்து நிற்கட்டும். ஒரு காலைப் பின்பக்கமாகத் தரையில் ஊன்றி, மறுகாலும் தரைக்கு வந்த பிறகே கையை எடுக்க வேண்டும். வீச்சு ஒரு முழத்துக்கு மேல் போக வேண்டாம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் ஏறக் கூடாது.

தோள் சக்கரம் எளிய கருவி. இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். முதுகுப்பக்கம் கை போகாது, சட்டை மாட்டவே சிரமப்படுவார்கள். அவர்களுக்கு இது நல்ல துணை. சக்கரத்தின் நடுப்புள்ளி உங்கள் தோள் உயரத்துக்கு நேராக வரும்படி நில்லுங்கள். குட்டையானவர்கள் கைப்பிடியின் மேல்வட்டத்தை எட்டிப் பிடிக்கக் குதிகாலைத் தூக்க வேண்டாம். பாதி வட்டம் சுற்றினால் போதும். ஒவ்வொரு திசையிலும் 10 தடவை. வலிக்கும் எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்புங்கள், தாண்ட வேண்டாம்.

நெஞ்சுக்கு நேரே கையால் தள்ளும் இருக்கை, மேலிருந்து இழுக்கும் இருக்கை இரண்டும் லெக் பிரஸ் மாதிரியே சொந்த எடையில் இயங்குகின்றன. இழுக்கும் கருவி கூன் விழுந்த முதுகுக்கு நல்லது. தள்ளுவதை ஒரு சுற்று செய்தால் இழுப்பதை இரண்டு சுற்று செய்யுங்கள். குதிரைபோல் ஏறி உட்காரும் கருவி, அலைப்பலகை, வயிற்றுப் பெஞ்சு மூன்றும் பெரியவர்களுக்குத் தேவையில்லை.

இடுப்பு சுழற்றும் தட்டைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். தட்டுக்கு நிறுத்தம் கிடையாது. வேகமாகத் திருகினால் மேலுடம்பு கம்பியைப் பிடித்து நிற்க, கீழ்முதுகு மட்டும் முறுக்கிக்கொள்ளும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு, அதாவது உயரம் குறைந்து முதுகு வளைய ஆரம்பித்தவர்களுக்கு, திருகும் அசைவில் முதுகெலும்பு நசுங்கக்கூடும். தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கும் ஆகாது. இடுப்புச் சதை இதனால் குறையும் என்று நம்பி ஏறுகிறவர்கள் நிறையப் பேர். ஓர் இடத்துக் கொழுப்பை அந்த இடத்தை மட்டும் ஆட்டிக் கரைக்க முடியாது.

கூழாங்கல் பாதை

செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் பாதை. பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தால் கெடுதல் இல்லை. ஆனால் நம் ஆட்களில் இனிப்புநீர் இல்லாத வீடு குறைவு. பல வருடமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கலாம். கல் கிழித்தாலும் தெரியாது. புண் தெரியவரும்போது சீழ் வைத்திருக்கும். அரசாங்க கிளினிக்கில் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை செய்வார்கள். அதில் உணர்ச்சி குறைவு என்று சொல்லப்பட்டவர்கள் இந்தப் பாதையில் வெறுங்காலோடு இறங்கவே கூடாது. காலை வெயில் பட்ட கூழாங்கல் சுடுவதும் அவர்களுக்குத் தெரியாது. கோயில் வெளிப்பிரகாரத்தில் மதிய நேரம் சுற்றுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

மழைக்குப் பிறகு கற்களின் இடுக்கில் பாசி பிடிக்கிறது. பாதையின் கிழக்குப் பாதியில் அது எப்போதும் வழுக்கும்.

இந்தப் பாதையின் அருமையான பாகம் அதன் கைப்பிடிக் கம்பி. இடுப்பு உயரத்தில், கான்கிரீட்டில் ஆழமாக நடப்பட்டு, அசைக்க முடியாத உறுதியோடு இருக்கிறது. கூழாங்கல்லுக்கு வெளியே, சிமெண்டுத் தரையில், காலணியோடு கம்பியைப் பார்த்து நின்றால் தேவையான சமநிலைப் பயிற்சி எல்லாவற்றையும் செய்துவிடலாம். குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 தடவை. காலைப் பக்கவாட்டில் விரிப்பது இரு பக்கமும் 10 தடவை. கம்பியோரமாகப் பக்கவாட்டில் பத்து அடி நடந்து திரும்புவது. பிறகு ஒரு பாதத்தின் குதிகாலுக்குப் பின்னால் மறுபாதத்தின் விரல் ஒட்டும்படி நின்று, கையைக் கம்பிக்கு ஒரு விரற்கடை மேலே வைத்துக்கொண்டு 10 விநாடி நிற்பது. இப்படி 10 விநாடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் அபாயம் கூடுதல். அவர்கள் கையை எடுக்காமல் பயிற்சியைத் தொடர்ந்து, கிளினிக்கில் பிசியோதெரபி கேட்டு வாங்குவது நல்லது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் உருவாக்கிய பயிற்சித் திட்டம் இந்த வகை அசைவுகளையும் கணுக்காலில் கட்டும் சிறு எடைகளையும் நடையையும் கொண்டதுதான். வாரம் மூன்று தடவை செய்தவர்களிடம் கீழே விழுவது சுமார் 35 விழுக்காடு குறைந்தது.

நடைபாதை

திடலைச் சுற்றி இன்டர்லாக் கல். இரண்டு தூங்குமூஞ்சி மரங்களின் வேர் கல்லைத் தூக்கியிருக்கிறது. விளிம்பு இரண்டு விரல் உயரம்தான். ஆனால் பாதத்தைத் தேய்த்து நடக்கும் வயதில் தடுக்கிவிழ அது தாராளம். மேற்குப் பக்கம் லோங்காங் (சாக்கடை) மூடி ஒன்று காணாமல் போயிருக்கிறது. கால்பந்துக் கம்பத்துக்குப் பின்னால் மோட்டார்க்காரர்கள் குறுக்கே பாய்கிறார்கள். ஆகவே வேர் இருக்கும் பகுதியில் நடைபாதையை விட்டுப் புல்லில் இறங்காமல், வெளிவிளிம்பை ஒட்டி நடங்கள். மழை பெய்த புல்லில் குழி தெரியாது.

சாதாரண வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆறு முதல் எட்டு நிமிடம் ஆகும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி என்று சொல்லியிருக்கிறது. தொடர்ந்து பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. ஒரு சுற்று நடந்து, உட்கார்ந்து, மறுபடி ஒரு சுற்று நடந்தாலும் சேரும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டாமல் இந்தப் பேச்சுச் சோதனையையே வைத்துக்கொள்ளட்டும்.

நடைவேகத்தை அளக்க ஓர் எளிய வழி. சாக்குக் கட்டியால் 6 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்பிருந்தே வழக்கமான நடையில் தொடங்கி, இரண்டாவதைத் தாண்டியும் நடக்கச் சொல்லுங்கள். கோடுகளுக்கு இடையே 6 விநாடிக்கு மேல் ஆகிறதென்றால், அதாவது விநாடிக்கு ஒரு மீட்டரைவிடக் குறைவு என்றால், தசை நலிவைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய நிலை. பெஞ்சில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் அப்படியே. ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-இல் வகுத்த எல்லைகள் இவை.

பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறில் நான்கு கான்கிரீட் பெஞ்சுகள். தாழ்வானவை, பிடிக்க எதுவும் இல்லை. முட்டி தேய்ந்தவர் உட்கார்ந்தால் எழ ஆள் தேடுவார். எழ முடியாதோ என்ற பயத்தில் உட்காராமலே வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. பொண்டோக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு இரும்புப் பெஞ்சுகள் சுமார் 45 சென்டிமீட்டர் உயரம், இரு பக்கமும் கைப்பிடி. எழுந்து உட்காரும் பயிற்சியை அங்கேதான் செய்ய வேண்டும். விளிம்புக்கு நகருங்கள், பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுங்கள், மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயுங்கள், பிறகு எழுங்கள். முதல் வாரம் கைப்பிடியை ஊன்றி 5 தடவை போதும். கிட்டத்தட்ட லெக் பிரஸ் தரும் பலன் இதிலும் கிடைக்கிறது.

ஏன் வருவதில்லை

“முப்பது வருஷம் பால் வெட்டுனேன், இனிமே எனக்கு என்ன எக்சர்சைஸ்?” என்று தாத்தாமார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரட்டுக்கு (தோட்டத்து ஆள்கணக்கு எடுக்கும் கூட்டத்துக்கு) விடியுமுன் எழுந்து, நிரை முழுக்க மரம் மரமாகக் குனிந்து வெட்டிய உடம்பு அது. ஆனால் தசைக்கு ஓய்வூதியம் கிடையாது. வேலை நின்ற சில மாதங்களிலேயே அது இறங்கத் தொடங்கிவிடும். அந்த வேலை விட்டுச் சென்றது தேய்ந்த முட்டியும் கீழ்முதுகு வலியும்தான். செம்பனைக் காட்டில் குந்தி உட்கார்ந்து உதிரிப் பழம் பொறுக்கிய பெண்களுக்கு முட்டி இன்னும் மோசம். வலிக்கிறதென்று நடையை நிறுத்தினால் தொடைத் தசை நலிகிறது. தசை நலிந்தால் முட்டிக்குத் தாங்கல் போய் வலி கூடுகிறது. முட்டித் தேய்வுக்கு மருத்துவர்கள் முதலில் சொல்லும் சிகிச்சையே தசைப் பயிற்சிதான். பயிற்சியின்போது கொஞ்சம் வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம்.

அடுத்தது கழிப்பறை. திடலுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, காலையில் பூட்டியே கிடக்கிறது. இரத்தக் கொதிப்புக்கோ கால் வீக்கத்துக்கோ தண்ணி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதுவே வராமல் போவதற்குப் போதுமான காரணம். புருசமைட் என்ற தண்ணி மாத்திரை சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் முடுக்கும். வெளியே போகும் நாளில் மாத்திரையை விட்டுவிடுவதும், தண்ணீர் குடிக்காமல் வருவதும் இரண்டுமே தப்பு. வெயிலில் தலைசுற்றி விழுவதில் போய் முடியும். நடந்து வந்த பிறகு மாத்திரையைச் சாப்பிடலாமா என்று கிளினிக் மருந்தாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் நேரத்தை மாற்றித் தர வழி இருக்கும். மாவட்ட மன்றம் காலை ஏழு முதல் பத்து வரை அந்தக் கதவைத் திறந்து வைத்தாலே, புதுக்கருவி வாங்குவதைவிட அதிகப் பேர் வருவார்கள் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

நேரமும் ஒரு சிக்கல். தீபகற்பத்தில் பொழுது விடிவதே ஏழு மணிக்குமேல். தோட்டத்துப் பழக்கத்தில் ஐந்தரைக்கே தயாராகிவிடும் தாத்தாமார்கள் இருட்டில் நடக்கிறார்கள். வேரும் லோங்காங்கும் தெரியாது, தெருநாய்களும் அந்த நேரத்தில்தான் கூட்டமாகத் திரியும். ஏழே காலுக்கு வாருங்கள். பாட்டிமார்களின் கதை வேறு. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரப்பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பி, பசியாறிவிட்டு மூச்சுவிடும்போது மணி எட்டு. அவர்களுக்கு எட்டு முதல் ஒன்பது வரைதான். அதற்குள் கருவிகள் இருக்கும் மூலையில் வெயில் ஏறிவிடும். தூங்குமூஞ்சி மரத்து நிழல் நடைபாதையின் மேற்குப் பக்கத்தில்தான் விழுகிறது. ஆகவே பாட்டிமார்கள் முதலில் கருவி, பிறகு நடை என்று வரிசையை மாற்றிக்கொள்ளட்டும்.

உடையும் தடுக்கிறது. சேலையோடு லெக் பிரஸில் உட்காரலாம், ஏர் வாக்கரில் ஏறவே கூடாது. கொசுவம் மிதியில் மாட்டும். பஞ்சாபி சூட் எல்லாவற்றுக்கும் வசதி, துப்பட்டாவை முடிந்துகொண்டால் சரி. ஜப்பான் சிலிப்பரோடு நடப்பவர்கள்தான் இங்கே அதிகம். குதிகாலைப் பிடிக்காத எந்தச் செருப்பும் நடைக்கு உதவாது. பாசார் மாலாமில் வாங்கும் சாதாரண ரப்பர் சோல் சப்பாத்து போதும்: விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், சோல் நடுவில் மடங்காமல் விரல் பகுதியில் மடங்க வேண்டும். போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கழற்றியதும் உள்ளங்காலைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது துணை. தனியாக வருகிறவர் முதல் மழை நாளோடு நின்றுவிடுவார். “அக்கா, மணி ஏழாச்சு, நான் கெளம்பிட்டேன், நீங்க வாசலுக்கு வாங்க” என்று ஒரு போன் வருகிறவர் நிற்கமாட்டார். மூன்று பேர் போதும். ஒருவர் வராவிட்டாலும் இருவர் மிஞ்சுவார்கள். பக்கத்துக் கூடைப்பந்துத் திடலில் சீனப் பெரியவர்கள் காலையில் தாய்ச்சி என்ற மெதுவான அசைவுப் பயிற்சி செய்கிறார்கள். பின்வரிசையில் யார் நின்றாலும் வரவேற்கிறார்கள், மொழி தேவையில்லை. விழுவதைக் குறைப்பதில் தாய்ச்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நம் ஆட்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிற்பதுதான் மனத்தை வருத்துகிறது. அரசாங்க கிளினிக்குகளில் முதியோர் கிளப்பும், பல ஊர்களில் சமூகநல இலாகாவின் பாவே எனும் முதியோர் நடவடிக்கை மையமும் உண்டு. உங்கள் ஊரில் இருந்தால் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட ஒரு பிசியோதெரபிஸ்டை ஒரு காலைக்கு அழைத்துவரக் கேட்டுப் பாருங்கள்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு

மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிக்லசைட் சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் மருந்தைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வரக் கூடாது. குத்திப் பார்க்கும் கருவி இருந்தால், 5.6 மில்லிமோலுக்குக் கீழே காட்டும்போது ஒரு ரொட்டித் துண்டோ பிசாங்கோ (வாழைப்பழம்) சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 3.9-க்குக் கீழே என்றால் அன்று பயிற்சி வேண்டாம், முதலில் சர்க்கரை. வழியில் கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, பேச்சு குழறினால் உட்காரவைத்து மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். அது 15 கிராம். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு. டயட் பானத்தில் சீனி இல்லை, அது உதவாது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வெளியில் நடந்தாலே வியர்க்கும் நம் ஊரில் இந்த வியர்வையைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன பிசோப்ரோலோல் வகை மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். அவர்களுக்கு வியர்வைதான் முக்கிய அடையாளம். நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடக்கைக்கோ வலி ஓடினால், 999-ஐ அழையுங்கள்.

பராமரிப்பு

ஏறும் முன் ஒரு நிமிடச் சோதனை. கருவியின் தொங்கும் கம்பியைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள். முன்பின் அசைவு இயல்பு; பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது, ஏறாதீர்கள். கீச்சுச் சத்தம் மட்டும் வந்தால் கிரீஸ் இல்லை என்று பொருள், உடனடி ஆபத்து இல்லை. தூண் கான்கிரீட்டில் சேரும் இடத்தில்தான் தண்ணீர் தேங்கித் துரு முதலில் தின்னும். பெயிண்டு உப்பியிருந்தால் சாவியால் குத்திப் பாருங்கள், பொலபொலவென்று உதிர்ந்தால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். மூடி கழன்ற போல்ட்டு முழங்காலைக் கிழிக்கும்.

புகார் சொல்லும்போது “ஜிம் கெட்டுப்போச்சு” என்றால் ஒன்றும் நடக்காது. எந்தக் கருவி, எந்தப் பக்கம், என்ன பழுது, பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், இரண்டு படம் ஆகியவற்றோடு மாவட்ட மன்ற முகப்பிலோ சிஸ்பா இணையப் புகாரிலோ கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இடி கேட்டால் கருவிகளைவிட்டு விலகி, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். சுவர் இல்லாத பொண்டோக் மின்னலுக்குப் பாதுகாப்பு ஆகாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும்.

புகைமூட்டக் காலத்தில் காற்றின் மாசைக் காட்டும் ஐபியு குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே நடப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் செய்யுங்கள். கைப்பிடி நாற்காலியைச் சுவரில் முட்டவைத்து எழுந்து உட்காரலாம். சமையல்கட்டு மேடையைப் பிடித்துக் குதிகால் தூக்கலாம். துணிப்பையில் அரைக்கிலோ அரிசி கட்டிக் கணுக்காலில் மாட்டி, உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கலாம். காற்று தெளிந்து திடலுக்குத் திரும்பும்போது, இரண்டு வாரத்துக்கு மேல் விட்டிருந்தால், லெக் பிரஸை ஒரே சுற்று, 8 தடவை என்று மறுபடி தொடங்குங்கள்.